இட்லி அவிக்கிற வீடியோ கேமுக்கு பாஃப்டா விருது கிடைத்தது எப்படி? 'வெண்பா'வை உருவாக்கிய குட்டி ஸ்டுடியோவின் கதை

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், அரியாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். சாயங்காலம் கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் மாணவர்களின் போனை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பாராசூட்டில் குதிப்பது, துப்பாக்கி பொறுக்குவது, எதிரில் வருபவரைச் சுட்டுத் தள்ளுவது. வீட்டில் பெரியவர்களிடம் 'கேம்' என்று வாயெடுத்தால் வேறு பயம். "ரம்மியா?" என்பார்கள்.

இந்த இரண்டிலும் சேராத ஒரு கேம் இருக்கிறது. அதில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, இட்லித் தட்டுகளைச் சரியான முறையில் அடுக்குவது. அவ்வளவுதான். மொத்த ஆட்டமும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் 2024 ஏப்ரலில் லண்டனில் நடந்த பாஃப்டா கேம்ஸ் விருது விழாவில், சிறந்த அறிமுக கேம் என்ற விருதை வாங்கியது இதுதான். பெயர் 'வெண்பா'. உருவாக்கியது, கனடாவின் டொராண்டோ நகரில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சின்ன ஸ்டுடியோ.

ஒரு பெரிய முதலாளியும் பின்னால் இல்லாத தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு ஸ்டுடியோ, தமிழ்க் குடும்பத்தின் சமையல்கட்டை வைத்து எப்படி இந்த இடத்துக்கு வந்தது?

முதலில், 'இண்டி ஸ்டுடியோ' என்றால் என்ன?

சினிமாவோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். பெரிய ஹீரோ படத்துக்கு ஒரு தயாரிப்பு நிறுவனம் கோடிக்கணக்கில் பணம் போடும். எப்போது ரிலீஸ், எவ்வளவு நீளம், கிளைமாக்ஸ் எப்படி என்பதிலும் தலையிடும். கேம் உலகில் அந்த வேலையைச் செய்பவர்கள் 'பப்ளிஷர்'கள். அவர்களின் கட்டுப்பாடு இல்லாமல், சின்னக் குழுவாகச் சேர்ந்து, தங்கள் பணத்திலோ நிதியுதவியிலோ கேம் செய்பவர்கள்தான் இண்டி ஸ்டுடியோக்கள். இண்டிபென்டென்ட் என்பதன் சுருக்கம் அது.

சின்னது என்றால் எவ்வளவு சின்னது? 2016-ல் வந்த 'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய கேமை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம் வரைந்து, இசையமைத்து, புரோகிராமும் எழுதி முடித்தார். 'மைன்கிராஃப்ட்'டும் 2009-ல் ஒருவரின் கம்ப்யூட்டரில் தொடங்கியதுதான். 2014-ல் அதை உருவாக்கிய நிறுவனத்தை 250 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஆனால் இவை ஜெயித்தவர்களின் கதைகள். தோற்றவர்களின் பெயர் நமக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஒவ்வொரு வருஷமும் 'ஸ்டீம்' என்ற ஆன்லைன் கேம் கடையில் ஆயிரக்கணக்கில் புதிய கேம்கள் வந்து இறங்குகின்றன. பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

விசை கேம்ஸ் யாருடையது?

அபி என்ற ஒற்றைப் பெயரில் அறியப்படும் டிசைனர்தான் இதன் முகம். சிறு வயதில் தமிழகத்திலிருந்து கனடா போனவர். ஓவியர் சாம் எல்கானா உள்ளிட்ட சிலர் அவரோடு சேர்ந்தார்கள். இசை, ஆல்ஃபா சம்திங் என்ற பெயரில் இயங்கும் இசையமைப்பாளர். ஆரம்பம் முதலே மிகச் சின்னக் குழு. கேமை வெளியிட்டதும் அவர்களேதான், தனி பப்ளிஷர் கிடையாது.

பெயரைக் கவனித்தீர்களா? விசை என்றால் ஆற்றல். கீபோர்டை 'விசைப்பலகை' என்கிறோமே, அதில் வரும் விசையும் இதுதான். கேமின் பெயரான வெண்பா, பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் தளை பிரிக்கச் சொல்லி நம்மைப் பாடாய்ப் படுத்திய அதே வெண்பா. திருக்குறள் எழுதப்பட்டிருப்பது குறள் வெண்பாவில். இந்தப் பெயர்களைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் யாராலும் சுலபமாகச் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் வைத்தார்கள். கேம் முழுக்கவே அப்படித்தான். பாவலன், கவின் என்று பாத்திரங்களின் பெயர்கள், புட்டு, ரசம் என்று பண்டங்களின் பெயர்கள், எதையும் வெளிநாட்டுக்காரருக்காக மாற்றவில்லை. இட்லியை 'ரைஸ் கேக்' ஆக்கவில்லை.

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றிய கதைகள் சினிமாவிலும் புத்தகத்திலும் ஏற்கெனவே நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிள்ளையின் பார்வையில் இருக்கும். ஸ்கூலில் தன் டிபன் பாக்ஸைத் திறக்க வெட்கப்படும் பையன், பெற்றோரின் உச்சரிப்பைக் கேட்டு நெளியும் பெண். விசை கேம்ஸ் கேமராவை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திருப்பியது. வெட்கப்படும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அம்மாவுக்கு என்ன ஆகிறது? கேமில் நாம் பெரும்பகுதி அந்த அம்மாவாகத்தான் ஆடுகிறோம்.

சரி, ஆட்டம் எப்படி?

1980-களில் தமிழ்நாட்டிலிருந்து டொராண்டோ வந்து சேரும் இளம் தம்பதி, வெண்பாவும் பாவலனும். இங்கேயே இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்ற தடுமாற்றத்தில் இருக்கும்போது, அவள் கர்ப்பம் என்று தெரிகிறது. மகன் கவின் பிறக்கிறான். பிறகு வருஷங்கள் தாண்டித் தாண்டிக் கதை போகிறது.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு சமையல். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு ஒன்று இருக்கிறது. கடல் கடந்து வந்ததில் பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, மை அழிந்திருக்கிறது. அழிந்துபோன வரி என்னவாக இருக்கும் என்று நாம் ஊகிக்க வேண்டும். அதுதான் புதிர்.

இட்லியையே எடுத்துக்கொள்வோம். இட்லிப் பானையில் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும்போது, ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே இன்னொரு தட்டின் குழி வந்துவிட்டால் ஆவி மேலே ஏற வழியிருக்காது. தட்டைக் கொஞ்சம் திருப்பி, கீழ்த்தட்டின் ஓட்டைக்கு மேல் மேல்தட்டின் குழி வருகிற மாதிரி வைக்க வேண்டும். நம் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை பாட்டுக்குச் செய்யும். அந்தக் 'கை பாட்டுக்குச் செய்வதை' எடுத்துப் புதிராக்கியதில்தான் இந்த கேமின் புத்திசாலித்தனம் இருக்கிறது. இட்லியையே பார்த்திராத ஒரு கனடாக்காரர் இரண்டு மூன்று முறை தப்பாக வைத்து, பிறகு கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவார். துணி போட்டு இட்லி ஊற்றிப் பழகிய நம்மூர் அம்மாக்கள் ஒருவேளை இந்த இடத்தில் சண்டைக்கும் வரலாம்!

தப்பு செய்தால் 'கேம் ஓவர்' கிடையாது. உயிர் போகாது, பாயின்ட் குறையாது. மறுபடி செய்து பார்க்கலாம். புட்டுக்கு மாவும் தேங்காய்த் துருவலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிரியாணிக்கு எதன் மேல் எது என்று யோசிக்க வேண்டும். அடுப்பு எரியும்போது பின்னணியில் ரேடியோவில் பாட்டு ஓடும். பழைய சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கும், ஆனால் எல்லாம் இந்த கேமுக்காகப் புதிதாகப் போட்டவை. கதையின் காலம் மாற மாற, அந்தந்தக் காலத் தமிழ் சினிமா இசையின் வாசனையும் மாறுகிறது.

*(இனி கதையின் பிற்பகுதி வருகிறது. தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடலாம்.)*

கவின் வளர வளர வீட்டில் தமிழ் குறைகிறது. அம்மா தமிழில் கேட்பாள், மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இதைக் கேம் வசனத்தால் மட்டும் காட்டுவதில்லை. திரையில் எழுத்து வரும் விதமே மாறுகிறது. பெற்றோர் தமிழில் பேசிக்கொள்ளும்போது வரிகள் சரளமாக ஓடும். அவர்களே ஆங்கிலத்தில் பேச முயலும்போது எழுத்துகள் தயங்கித் தயங்கி வரும். வேலை தேடி அலையும் இரண்டு படித்த மனிதர்கள் ஏன் அங்கே திக்கித் திணறுகிறார்கள் என்பதை, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆட்டக்காரரும் அந்த வேகத்திலேயே உணர்ந்துவிடுவார்.

பாவலன் தெருவில் தாக்கப்படுகிறார். பின்னர் இறந்தும் போகிறார். மகனுக்கு அதிக நேரமில்லை. வெண்பா இந்தியாவுக்கே திரும்பிவிடுகிறாள். கடைசிப் பகுதியில் ஆட்டம் கவினின் கைக்கு வருகிறது. அதே சமையல் நோட்டு. ஆனால் இப்போது மை அழிந்திருப்பது மட்டும் பிரச்சினையில்லை. அவனுக்குத் தமிழ் எழுத்தை ஒழுங்காகப் படிக்கவும் வராது. அம்மாவுக்குக் கிழிந்த பக்கம் புதிராக இருந்தது. மகனுக்கு முழு நோட்டுமே புதிர்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது ஏன் பழகிய கதை?

டொராண்டோவை விடுங்கள். இந்தக் காட்சி புதுச்சேரியில் லீவு நாட்களில் நேரிலேயே பார்க்கக் கிடைக்கும். 1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி. அந்த ஒப்பந்தத்தில், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பேரன் பேத்திகள் பலர் இன்று பிரான்ஸில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது பாட்டி தமிழில் "சாப்டியாடா?" என்று கேட்க, பேரன் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, நடுவில் நின்று மருமகள் மொழிபெயர்ப்பாள். கல்ஃபுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கும் இது புதிதில்லை.

அபியும் அவர் குழுவும் புதுச்சேரியை மனதில் வைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் வெளிநாட்டில் வாழும் யாருக்குமே பொருந்துகிற கதையாக இது போனதற்குக் காரணம், அவர்கள் 'எல்லோருக்கும் பொருந்த வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எதையும் செய்யாததுதான்.

ஒன்றரை மணி நேர கேமில் எப்படிச் சம்பாதிப்பது?

2023 ஜூலை 31-ம் தேதி 'வெண்பா' வெளியானது. கம்ப்யூட்டர், நின்டென்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றிலும் வந்தது. விலை 14.99 டாலர். இதில் சின்ன ஸ்டுடியோக்களின் தலைவலி என்னவென்று பார்க்கலாம்.

ஸ்டீம் கடை, விற்கும் ஒவ்வொரு கேமிலும் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 14.99 டாலரில் உருவாக்கியவர் கைக்கு வருவது சுமார் 10.49 டாலர். அதிலிருந்து வரி, சம்பளம், மொழிபெயர்ப்பு, விளம்பரம். வேடிக்கை என்னவென்றால், விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் கமிஷன் 25 சதவீதமாகவும், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் குறையும். அதாவது தள்ளுபடி, பெரியவர்களுக்குத்தான். சின்னவர்கள் முழுசாகக் கட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல் இன்னும் கொடுமையானது. ஸ்டீமில் ஒரு கேமை வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாடிக்கையாளருக்கு நல்ல விதிதான். ஆனால் மொத்த ஆட்டமே ஒன்றரை மணி நேரம் என்றால்? முழுக்க ஆடி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணத்தையும் திரும்ப வாங்கிவிடலாம். இது கற்பனை இல்லை. 2021-ல் 'எமிகா கேம்ஸ்' என்ற பெயரில் தனியாளாக கேம் செய்துவந்த ஒருவர், தன் திகில் கேமை ஆடி முடித்தவர்கள் நல்ல விமர்சனமும் எழுதிவிட்டு ரீஃபண்டும் வாங்கிவிட்டார்கள் என்று சொல்லி, காலவரையின்றி கேம் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தார்.

அதனால் பலர் என்ன செய்கிறார்கள்? கதையை இழுக்கிறார்கள். 'இன்னும் பத்து பொருளைத் தேடிக் கொண்டு வா' என்று ஆட்டக்காரரை அலைய விடுகிறார்கள். சீரியலில் ஒரு அறைக்கு மூன்று முறை குளோஸ்-அப் வைப்பது போலத்தான். விசை கேம்ஸ் அதைச் செய்யவில்லை. வெளிவந்த நேரத்தில் 'சின்னதா இருக்கு', 'இந்த விலைக்கு இவ்வளவுதானா' என்ற குறை எழுந்தது உண்மை. இன்னும் நாலு சமையல் இருந்திருக்கலாமே என்று ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெண்பாவின் முப்பது வருஷ வாழ்க்கை ஒரே மூச்சில், நடுவில் வைத்துவிட்டு எழுந்து போக முடியாமல் மனதில் இறங்குவதற்கு அந்த அளவே காரணம்.

பணப் பக்கத்தில் அவர்களுக்குக் கை கொடுத்திருக்கக் கூடிய ஒரு வழி, எக்ஸ்பாக்ஸின் 'கேம் பாஸ்'. மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்களை ஆடலாம், ஓ.டி.டி. மாதிரி. வெளியான முதல் நாளே 'வெண்பா' அதில் இருந்தது. பொதுவாக இப்படிச் சேர்க்கப்படும் கேம்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு தொகை கொடுக்கும். சந்தாதாரருக்கோ தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதால், 'இட்லி கேமா? பார்ப்போமே' என்று தொட்டுப் பார்க்கும் தயக்கமும் போய்விடும்.

விருதுகள் எவ்வளவு பெரியவை?

2023 இறுதியில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக இண்டி கேம் பிரிவில் பரிந்துரை கிடைத்தது. பரிசை 'கொக்கூன்' கொண்டுபோனது.

அடுத்து 2024 மார்ச், சான் பிரான்சிஸ்கோ. உலகெங்கும் கேம் செய்பவர்கள் கூடும் மாநாட்டையொட்டி 'இண்டிபென்டென்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்' விருதுகள் கொடுப்பார்கள். இண்டிக்காரர்களுக்கு இதுதான் பெரிய மேடை. அதன் முதல் பரிசு 'வெண்பா'வுக்கு. இதே பரிசை முன்னால் வாங்கியவற்றில் 'மைன்கிராஃப்ட்'டும் ஒன்று என்றால் மதிப்பு புரியும். அந்தப் பரிசுக்கு ஷேமஸ் மெக்னாலி என்ற கனடாக்காரரின் பெயர். சொந்தமாக ஸ்டுடியோ நடத்தி, 2000-ம் ஆண்டு இதே முதல் பரிசை வென்று, சில நாட்களிலேயே 21 வயதில் புற்றுநோயால் இறந்த இளைஞர் அவர்.

அதற்கு அடுத்த மாதம் பாஃப்டா. அதே விழாவில் சிறந்த கேம் விருது வாங்கிய 'பால்டர்ஸ் கேட் 3'-ஐ உருவாக்கிய லேரியன் ஸ்டுடியோவில் நானூறு பேருக்கு மேல் வேலை செய்தார்கள்.

இங்கே இருந்துகொண்டு இப்படிச் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் விலை அதிகம். புனேயின் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' அதற்கு உதாரணம். 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற கேமுக்காக 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் நிதி கேட்டார்கள். இலக்கை எட்டவில்லை. அந்தத் தளத்தின் விதிப்படி, இலக்கை எட்டாவிட்டால் வந்த பணமும் கைக்கு வராது. நிறுவனர்களில் ஒருவர் தன் பிளாட்டை விற்று வேலையைத் தொடர வேண்டியதாயிற்று. 2020 ஆகஸ்டில் கேம் வந்தது. அந்த வருஷம் 'தி கேம் அவார்ட்ஸ்' அறிமுக கேம் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் நிலைமை வேறு. சொந்தமாக கேம் உருவாக்கும் நிறுவனங்கள், தகுதியுள்ள சம்பளச் செலவில் 40 சதவீதம் வரை வரிச்சலுகையாகத் திரும்பப் பெற அங்கே சட்டம் இருக்கிறது. வீட்டை விற்பதற்கு முன்னால் தட்டிப் பார்க்க இன்னொரு கதவு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தியாவில் கேம் பற்றிய அரசியல் பேச்சு பெரும்பாலும் ரம்மியைச் சுற்றியே நடந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. 'வெண்பா' மாதிரி காசு கொடுத்து வாங்கி ஆடும் கேம்கள் அந்தத் தடையில் வராது; அங்கே பந்தயமும் இல்லை, ஜெயித்துச் சம்பாதிப்பதும் இல்லை. வீட்டில் கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லலாம்.

கேம் செய்ய ஆசைப்படும் மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

கருவிகளுக்குப் பணம் வேண்டாம். 'கோடோ' என்ற கேம் இன்ஜின் முழுக்க இலவசம். 'யூனிட்டி'யை ஆரம்ப நிலையில் இலவசமாகப் பயன்படுத்தலாம். 'அன்ரியல்' இன்ஜினிலும், ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டும்வரை ராயல்டி கட்ட வேண்டியதில்லை. சாதாரண லேப்டாப்பில் 'வெண்பா' மாதிரி இரு பரிமாணப் படங்கள் கொண்ட கேமைச் செய்து பழக முடியும்.

ஸ்டீமில் கடை விரிக்க, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும். அதற்கும் முன்னால், செய்ததை நாலு பேருக்குக் காட்டிக் கருத்துக் கேட்க 'இட்ச்' என்ற தளம் இருக்கிறது; அங்கே பதிவேற்றக் கட்டணமே இல்லை.